பேட்டரி மேல் போட்ட பழி

இல்லமும் இயந்திரமும்



“எங்கள் வீட்டு அம்பாஸடர் கார் சாலையில் ஓடும்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் நின்ற இடத்தில் நடுங்கி அணைந்துவிடுகிறது. பேட்டரியோ இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது. மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பேட்டரியை மாற்றுவதா, டைனமோவை மாற்றுவதா, கார்புரேட்டரை மாற்றுவதா? எங்கள் வருவாய்க்கு இவற்றுள் ஒன்றைத்தான் மாற்ற முடியும்.” இவ்வாறு ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

அச்சகோதரிக்கு என் விடை இதுதான்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். முதலில் சோதித்துப் பாருங்கள். எதைச் சோதிப்பது, எந்த வரிசையில் சோதிப்பது என்பதைச் சொல்லுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அந்நிகழ்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று.

ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய தந்தையார் 1970-களில் வாங்கிய அம்பாஸடர் காரை இன்றும் பேணி வருகிறார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது அம்பாஸடர் என்பதும், வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 வரை அதை உருவாக்கி வந்தது என்பதும் பலர் அறிந்த செய்திகள். பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் ஏறிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய்வர அதைப்போல் இடவசதியுள்ள வண்டி வேறில்லை என்பது ஆசிரியர் குடும்பத்தின் துணிபு.

ஆனால் சென்ற ஆண்டில் அந்த வண்டிக்கு வேறொரு பணி வந்து சேர்ந்தது. ஆசிரியரின் துணைவியாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. வாரம் இருமுறை காவிரியைக் கடந்து திருச்சி நகரிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று இரத்தம் சுத்திகரித்துக் கொள்ள வேண்டிய நிலை. பிற்பகலில் சென்றால் திரும்பி வர இரவாகிவிடும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து களைத்த உடம்பை ஆட்டோவின் குலுக்கலில் ஏற்றி வர ஆசிரியருக்கு மனமில்லை. ஆதலின் பழைய அம்பாஸடரே துணையாயிற்று.

ஐப்பசி மாதத்து மழையிரவு ஒன்றில், சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தின்மேல் வண்டிகள் நகரமாட்டாமல் நின்றன. 1976-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இன்றைய நெரிசலுக்கு இடந்தர இயலாமல் திணறுவது நாமனைவரும் அன்றாடம் காணும் காட்சியே. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது, பின்இருக்கையில் நோயாளி சாய்ந்திருந்தார். திடீரென்று இயந்திரம் இருமுறை நடுங்கி அணைந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகியதேயன்றிச் சுழலவில்லை. முகமறியாத இளைஞர் நால்வர் மழையில் நனைந்தபடி வண்டியை மாம்பழச்சாலை வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

பேட்டரி வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. அதைப் பொருத்தியவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். சிறியதொரு பட்டறை வைத்துப் பிழைப்பவர். மறுநாள் அவர் வந்து பேட்டரியை எடுத்துச் சென்று மின்னேற்றிக் கொடுத்தார். மூன்று நாள் ஓடியது, மீண்டும் படுத்துவிட்டது. “பேட்டரியில் குறையில்லை ஐயா. வண்டியில்தான் ஏதோ இருக்கிறது. ஒரு நாள் வண்டியை விட்டுச் செல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்” என்றார் இளைஞர். ஆசிரியர் செவிசாய்க்கவில்லை. பழைய பேட்டரியைத் துடைத்துப் புதிதென்று விற்றுவிட்டான் என்று முடிவு கட்டினார். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் கூடி நின்றவர்களிடம் அதைச் சொல்லவும் செய்தார். கேட்டவர்களுள் நானும் ஒருவன். நான் மறுத்துப் பேசவில்லை. அதனினும் மோசம், அந்த வாரத்திலேயே வேறு இருவரிடம் அச்செய்தியை நானே எடுத்துச் சொன்னேன். இளைஞரின் பட்டறைக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்த இரண்டு வண்டிகள் நின்றுபோயின என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இந்நிலையில்தான் பொன்மலைப் பெரியவர் ஒருவர் ஆசிரியரின் வீட்டிற்கு வந்தார். திருச்சியின் பொன்மலையில் 1928 முதல் இயங்கி வரும் இரயில்வே பணிமனையை அறியாதார் இலர். அங்கே மின்பிரிவில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர் இவர். நோயுற்ற அம்மையாரைப் பார்க்க வந்த இடத்தில் காரின் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வாத்தியாரய்யா, பேட்டரி குற்றவாளி என்று சொல்கிறீர்களே, அதை விசாரித்தீர்களா?”

ஆசிரியர் திகைத்தார். விசாரிக்கவில்லை என்பதே உண்மை.

மறுநாட் காலையில் பெரியவர் ஒரு மல்டிமீட்டர், பேட்டரி நீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், ஒரு சிறு பல்பு, ஒரு திருப்புளி ஆகியவற்றோடு வந்தார். அருகிலிருந்து நான் கண்டதையும் அவர் விளக்கியதையும் வரிசையாக எழுதுகிறேன். சகோதரியின் கேள்விக்கு விடையும் இதுவே.

முதற்படி, பேட்டரியை விசாரிப்பது. முந்தைய இரவு முழுவதும் மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வாக வைத்திருந்த பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. நிறைவாக மின்னேறிய பேட்டரி காட்ட வேண்டிய அளவு அதுவே. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9-க்குக் கீழே போனால் வெறுமை. பின்னர் ஆறு அறைகளின் மூடிகளையும் திறந்து ஒவ்வொன்றின் அடர்த்தியையும் அளந்தார். ஆறும் 1.250-ஐ ஒட்டி ஒன்றுபோல் இருந்தன. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைந்திருந்தால் அந்த அறை பழுது என்று பொருள்; பேட்டரியும் பழுது என்று பொருள். இங்கே அப்படி எதுவும் இல்லை. “உங்கள் பேட்டரி நிரபராதி” என்றார் பெரியவர். ஆசிரியரின் முகம் வாடியதை நான் கண்டேன். என் முகமும் வாடியிருக்க வேண்டும்.

இரண்டாம் படி, இரவில் மின்சாரம் களவு போகிறதா என்று பார்ப்பது. சாவியை எடுத்துவிட்டு, விளக்குகளை அணைத்து, கதவுகளையெல்லாம் சாத்தி, பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் முனைக்கும் இடையே சிறு பல்பைச் சேர்த்தார். வண்டியில் எங்கேனும் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தால் பல்பு எரியும். எரியவில்லை. ஆகவே கசிவு இல்லை. இக்காலத்து வண்டிகளில் கடிகாரமும் கணிப்பொறியும் எந்நேரமும் சிறிதளவு மின்சாரம் பருகும். 50 மில்லி ஆம்பியருக்குள் அது இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாம் படி, மின்சாரம் திரும்பி வரும் வழியை ஆராய்வது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றிவிட்டு, இயந்திரத்தின் இரும்பு வழியாகவும் வண்டியின் உடல் வழியாகவும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இயந்திரம் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், இயந்திரத்தையும் உடலையும் இணைக்க ஒரு பின்னிய செம்புப்பட்டை வைத்திருப்பார்கள். அதைத்தான் பட்டறைகளில் எர்த் ஒயர் என்கிறார்கள். பெரியவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை இயந்திரத்தின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, செல்ஃப் போடச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 1.5 காட்டியது. அதாவது பேட்டரி கொடுத்த பன்னிரண்டில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே வீணாகியது. பட்டையைக் கழற்றிப் பார்த்தால் பச்சைக் களிம்பு பூத்து, இழைகள் பாதி அறுந்திருந்தன. இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட தீவு ஸ்ரீரங்கம். கீற்றுக் கொட்டகையின்கீழ் நனைந்து நனைந்து காயும் வண்டியில் களிம்பு பூப்பதில் வியப்பென்ன? புதுப்பட்டை போட்டு, இரும்பை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியபின் அளவு 0.2 ஆயிற்று. செல்ஃப் மோட்டார் புத்துயிர் பெற்றதுபோல் சுழன்றது.

நான்காம் படி, மின்சாரம் பிறக்கும் இடமாகிய டைனமோவைப் பார்ப்பது. இயந்திரம் ஓடும்போது, ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்தநிலையில், பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். இங்கே 12.9-க்கு மேல் ஏறவில்லை. டைனமோ கெட்டது என்று நானே சொல்லியிருப்பேன். பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் அமுங்க வேண்டிய பெல்ட் இரண்டு அங்குலம் தொய்ந்தது. உட்புறம் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. சுமை ஏறும்போது பெல்ட் வழுக்குகிறது. டைனமோ போதிய அளவு சுழலவில்லை. புதிய பெல்ட் மாட்டி முடுக்கியபின் மீட்டர் 14-ஐ எட்டியது. டைனமோவும் நிரபராதி! பெல்ட் சரியாக இருந்தும் அளவு ஏறாவிட்டால் மட்டுமே டைனமோவின் கார்பன்களையும், அதன்பின் கட்-அவுட் பெட்டியையும் நாட வேண்டும். 14.8-ஐத் தாண்டி ஏறினால் அதுவும் கோளாறே. பேட்டரியின் நீர் கொதித்து வற்றிவிடும்.

ஐந்தாம் படிதான் ஆசிரியரின் நெஞ்சைத் தைத்தது. இயந்திரம் நின்ற இடத்தில் ஓடுவதைப் பட்டறைகளில் ஐடிலிங் என்பர். அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் இயந்திரம் அந்நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முறை சுழன்றால் சீராக ஓடும். ஆசிரியர் வண்டியிலோ அது 500-ஐ ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருந்தது; சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“இதை யார் குறைத்து வைத்தது?” என்று பெரியவர் கேட்டார்.

சற்று நேரம் மௌனம். “நான்தான் அண்ணே” என்றார் ஆசிரியர். மருத்துவச் செலவு மிகுந்துவிட்ட வேளையில் பெட்ரோலையாவது மிச்சப்படுத்தலாமென்று எண்ணி, கார்புரேட்டரின் திருகாணியைத் தாமே திருகிக் குறைத்திருக்கிறார்.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். டைனமோ என்பது மெல்லச் சுழலும்போது மின்சாரம் தராது. இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்றைத் தாண்டினால்தான் அது பேட்டரிக்கு ஏதேனும் ஈயத் தொடங்கும். ஆதலின் டைனமோ பூட்டிய வண்டி சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு சற்றே மினுக்குவது இயல்பு. ஆனால் முழு ஒளியோடு எரிந்தால் ஓட்டம் மிகக் குறைந்துவிட்டது என்று பொருள். மழையிரவில் பாலத்தின்மேல் முக்கால் மணி நேரம் நின்றதாக வைத்துக்கொள்வோம். 45 வாட் முன்விளக்கு இரண்டுக்கும் சேர்த்து 7.5 ஆம்பியர், வைப்பர், பின்விளக்கு, இயந்திரத்தின் தீப்பொறி ஆகியவற்றுக்கு இன்னுமொரு 6 ஆம்பியர். முக்கால் மணியில் பத்து ஆம்பியர்-மணி செலவு. 60 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் அது ஆறில் ஒரு பங்கு. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரமோ சில மைல்தான். தொய்ந்த பெல்ட்டும் குறுகிய பயணமுமாகச் சேர்ந்து, எடுத்ததைத் திருப்பிச் செலுத்தவில்லை. கடன் மேல் கடன் ஏறி, புதுப்பேட்டரியும் திவாலாகிவிட்டது.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். பேட்டரி இறங்கினால் காயிலுக்குப் போகும் மின்சாரம் குறையும், தீப்பொறி நலியும், ஐடிலிங் மேலும் தள்ளாடும், தள்ளாடினால் டைனமோ மேலும் சோரும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வீழ்கிறது. எனவேதான் பேட்டரியும் ஐடிலிங்கும் ஒருசேரக் கெட்டாற்போல் தோன்றும் வண்டியில், முதலில் மின்னோட்டத்தைச் சரிசெய்து, அடுத்துத் தீப்பொறியைப் பார்த்து, கடைசியாகத்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். நம்மவர்களோ கைக்கு எட்டும் இடத்தில் திருகாணி இருப்பதால் கார்புரேட்டரில்தான் தொடங்குகிறார்கள்!

அவ்வரிசைப்படியே பெரியவர் செய்தார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து பிளாட்டினம் பாயிண்டுகளின் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காகவும், பிளக்குகளின் இடைவெளியை ஆயிரத்தில் 25 பங்காகவும் வைத்தார். பின்னர் ஓடும் இயந்திரத்தில், கார்புரேட்டர் அமர்ந்துள்ள அடிப்பகுதியைச் சுற்றிச் சோப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் நீர் உள்ளே உறிஞ்சப்பட்டு, இயந்திரத்தின் ஒலி மாறியது. அங்கே கேஸ்கெட் சுருங்கிக் காற்று புகுந்துகொண்டிருந்தது. வேண்டாத காற்று புகுந்தால் பெட்ரோலின் விகிதம் குறைந்து, நின்ற இடத்தில் இயந்திரம் நடுங்கும். வேகமாக ஓடும்போதோ அது தெரியாது. “ஓடும்போது நன்றாக இருக்கிறது, நின்றால் அணைகிறது” என்று சகோதரி எழுதியிருக்கிறாரே, அவர் தேட வேண்டிய இடங்களுள் இது முதன்மையானது. இவ்வகைக் காற்றுக் கசிவும், கார்புரேட்டரின் சிறிய பைலட் ஜெட்டில் தூசி அடைத்துக்கொள்வதும் ஐடிலிங்கை மட்டுமே கெடுப்பவை.

இங்கே இக்காலத்துக்குரிய ஓர் எச்சரிக்கை. 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. எத்தனால் அவற்றை ஊதவும் வெடிக்கவும் செய்யக்கூடும்; தொட்டியில் நெடுநாள் படிந்த கசடைக் கிளப்பிவிட்டு ஜெட்டுகளை அடைக்கவும் கூடும்; காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். ஆகையால் பழைய வண்டி வைத்திருப்போர் பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் புதிய வகைக்கு மாற்றிக்கொள்வதும், மாதக்கணக்கில் ஓட்டாமல் தொட்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதிருப்பதும் நலம்.

கேஸ்கெட்டை மாற்றியபின், இயந்திரம் நன்கு சூடேறும்வரை காத்திருந்து, சோக் முழுவதும் விடுபட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, பெரியவர் இரு திருகாணிகளையும் சரிப்படுத்தினார். முதலில் வேகத் திருகாணியால் ஓட்டத்தைச் சற்றே உயர்த்தினார். கலவைத் திருகாணியை மெல்ல உள்ளே திருகினார். இயந்திரம் தடுமாறத் தொடங்கியதும் வெளியே திருகி, ஓட்டம் சீராகவும் விரைவாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்தினார். பிறகு வேகத் திருகாணியைத் தளர்த்தி 700-க்குக் கொண்டுவந்தார். முன்விளக்கைப் போட்டுப் பார்த்தார், இயந்திரம் அணையவில்லை. இத்தனைக்கும் ஆன செலவு, புதுப்பேட்டரி விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பூட்டிய வண்டி வைத்திருப்போர் சிலவற்றைக் கூடுதலாக அறிந்திருத்தல் வேண்டும். ஆல்டர்னேட்டர் மெல்லச் சுழலும்போதும் மின்சாரம் தரும். எனவே அவ்வண்டியில் ஐடிலிங்கின்போது சிவப்பு விளக்கு எரிந்தால் அது கோளாறின் அறிகுறியே. சாவியைத் திருப்பியவுடன், இயந்திரம் ஓடத் தொடங்குமுன், அவ்விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். பலவகை ஆல்டர்னேட்டர்களில் அச்சிறு பல்பின் வழியே செல்லும் மின்சாரம்தான் அதைத் தட்டி எழுப்புகிறது. இன்னொன்று மிக முக்கியம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, “அணைகிறதா பார்க்கலாம்” என்று சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் அதனுள்ளிருக்கும் டயோடுகளும், வண்டியின் மற்ற மின்னணுக் கருவிகளும் நொடியில் கருகிவிடக்கூடும். 1983-இல் வெளிவந்து 2014 வரை உருவாக்கப்பட்ட மாருதி 800 போன்ற வண்டிகளுள், பின்னாளில் வந்த, கார்புரேட்டர் இல்லாதவற்றில் திருப்புளி கொண்டு ஐடிலிங்கைச் சரிசெய்ய முயல வேண்டாம். பேட்டரி, எர்த், பெல்ட், காற்றுக்குழாய் ஆகியவற்றை மேற்சொன்னவாறு பார்த்துவிட்டு, எஞ்சியதைக் கருவி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்வோர்க்குச் சில காப்பு விதிகள். மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். அருகே பீடி, தீக்குச்சி, மெழுகுவர்த்தி ஆகா. பேட்டரி நீர் அமிலம்; கண்ணில் தெறித்தால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராகவே இருக்கட்டும். காவிரி நீராயினும் குழாய் நீர் கூடாது. ஓடும் பெல்ட்டுக்கு அருகே துண்டோ முந்தானையோ தொங்கலாகாது. மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டால் மணமில்லா நச்சுவாயு உயிரைக் குடித்துவிடும். பழைய மோரிஸ் வழி வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒயரைக் கழற்றுமுன் எது எங்கிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது எர்த் ஒயரை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுங்கள்.

கார் சரியாயிற்று. ஆனால் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை.

கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த பெரியவர், தலை நிமிராமலேயே சொன்னார்: “வாத்தியாரய்யா, அந்தப் பையன் முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறான். வண்டியை விட்டுப் போங்கள் என்றானே.”

நம் திருச்சபை எட்டாம் கட்டளையைப் பற்றிப் போதிக்கும்போது, நீதிமன்றத்தில் சொல்லும் பொய்ச்சாட்சியை மட்டும் குறிப்பிடவில்லை. போதிய ஆதாரமின்றிப் பிறர்மீது குற்றத்தை நம்பிவிடுவதும் அக்கட்டளைக்கு மாறானதே என்கிறது. பறித்த பொருளைத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருப்பதுபோல், கெடுத்த நற்பெயரையும் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறது. சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்த பாடம்தான். ஆலய வாசலில் நின்று பேசியபோது எங்களுள் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் ஆசிரியர் அதே வாசலில் நின்றார். தனியே அழைத்துச் சொல்லிவிடலாம் என்று நான் கூறியதற்கு, “பழியைப் பலர் கேட்கச் சொன்னேன், மன்னிப்பை மட்டும் காதோடு கேட்டால் எப்படி?” என்றார். முன்பு கேட்டவர்கள் பலரும் இருந்தார்கள். இளைஞர் வெளியே வந்ததும் அவர் கையைப் பற்றிக்கொண்டு, “தம்பி, உன் பேட்டரியில் குறையில்லை. குறை என் வண்டியிலும் என் நாவிலும் இருந்தது. எல்லாரும் கேட்கவே சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு” என்றார்.

இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. சற்றுப் பொறுத்து, “அம்மா எப்படி இருக்கிறார்கள் ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

நானும் நான் சொல்லி வைத்த இருவரின் வீட்டிற்கும் சென்று நடந்ததைச் சொன்னேன். ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர் அதற்குள் வேறு நால்வரிடம் சொல்லிவிட்டிருந்தார். அந்நால்வர் யாரிடம் சொன்னார்களோ! பட்டறையை விட்டுப் போன இரு வண்டிகளுள் ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று இன்றுவரை வரவில்லை. அறுந்த எர்த் ஒயரை அரை மணியில் மாற்றிவிட முடிந்தது. அறுந்த நம்பிக்கையை அவ்வாறு மாற்ற முடியவில்லை.

ஆசிரியரின் துணைவியார் இன்றும் வாரம் இருமுறை அதே காரில் காவிரியைக் கடந்து போய்வருகிறார். மாதம் ஒருமுறை அந்த இளைஞர் வந்து பெல்ட்டையும் பேட்டரி முனைகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரிக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், உங்கள் வண்டியை இவ்வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள்: பேட்டரி, இரவுக் கசிவு, எர்த் ஒயர், பெல்ட், மின்னேற்றும் அளவு, பாயிண்டும் பிளக்கும், காற்றுக் கசிவு, கடைசியாகக் கார்புரேட்டர். ஒவ்வொரு படியிலும் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வழியிலேயே குறை அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அது விலை குறைந்த பொருளாகவே இருக்கும். விலை உயர்ந்தது எதையேனும் மாற்றியாக வேண்டுமென்று எவரேனும் சொன்னால், எந்தச் சோதனையில் எந்த எண் வந்தது என்று பணிவோடு கேளுங்கள். நேர்மையான தொழிலாளி அக்கேள்விக்கு மகிழ்வோடு விடை சொல்வார். அவர் சொல்லும் விடையையும் பொறுமையோடு கேளுங்கள்.

அடுத்த திங்கள், கோடை நெருங்குமுன் வீட்டுக் கிணற்று மோட்டாரை எவ்வாறு பேணுவது என்பதைக் காண்போம்.